கணக்குக்காரி பதில்கள்: வேலி அங்கே, வேலை இங்கே

(கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில், பண்ணைகளுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர்களின் அலுவலகங்களில் நெடுங்காலம் சம்பளக் கணக்கு எழுதிவிட்டு, ஓய்வுக்குப் பின் கோவில்பட்டிக்குத் திரும்பியவர் இந்தப் பகுதியை எழுதுகிறார். அமெரிக்கப் பண்ணைகளில் நடக்கும் குடியேற்றச் சோதனைகளைப் பற்றிச் சென்ற இதழில் அவர் சொன்ன பதிலுக்கு வந்த கடிதங்களே இந்த இதழை நிரப்பிவிட்டன. – ஆசிரியர்)

எஸ்.கே., சேலம்: எல்லையில் வேலி, கேமரா, துப்பாக்கி எல்லாம் இருந்தும் ஒரு கோடிப் பேருக்கு மேல் எப்படி உள்ளே போனார்கள்? அமெரிக்காவால் தடுக்க முடியாதா, தடுக்க மனமில்லையா?

முடியும். 2025 நிதியாண்டில் மெக்சிகோ எல்லையில் பிடிபட்டவர்களின் எண்ணிக்கை 1970க்குப் பிறகு இல்லாத அளவுக்கு இறங்கியது. புகலிடம் கேட்கும் வழியை அடைத்தார்கள், ராணுவத்தையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள், வரத்து வற்றியது. அதனால் வேலி வெறும் வேடிக்கை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வேலி இன்னொரு காரியத்தையும் செய்தது. உள்ளே இருந்தவனை ஊர் திரும்ப விடாமல் செய்துவிட்டது.

பழைய வழக்கம் வேறு. 1990களின் தொடக்கம் வரை மிச்சோவாகான், குவானாஹுவாத்தோ பக்கத்து ஆண்கள் தனியாக வருவார்கள். லெட்டூஸ் கீரை அறுப்பார்கள், கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய்விடுவார்கள், அடுத்த பருவத்தில் மறுபடி முகம் காட்டுவார்கள். 1993இல் எல் பாசோவிலும் 1994இல் சான் டியேகோவிலும் நகரத்து ஓரக் கடவுகளை அடைத்தார்கள். சான் டியேகோ நடவடிக்கைக்கு 'ஆபரேஷன் கேட்கீப்பர்' என்று பெயர். பாதை அரிசோனா பாலைவனத்துக்குத் திரும்பியது. எல்லை தாண்டிவிடும் தரகனை அவர்கள் கொயோட்டே என்பார்கள்; அவனுடைய கட்டணம் பல மடங்கு ஏறியது. அவ்வளவு கடன்பட்டு, உயிரைப் பணயம் வைத்து வந்தவன் கிறிஸ்துமஸ் என்று ஊருக்குப் போவானா? மனைவியையும் பிள்ளைகளையும் அமெரிக்காவுக்கே வரவழைத்துக்கொண்டான். 1996இல் இன்னொரு சட்டம் வந்தது: ஓராண்டுக்கு மேல் காகிதமின்றி, அதாவது தங்கும் அனுமதி இல்லாமல், இருந்துவிட்டு வெளியே போனால் பத்தாண்டுகள் திரும்பி வரத் தடை. அதன்பின் யாரும் நகரவில்லை.

எல்லைக் காவலர்கள் 1990களின் தொடக்கத்தில் சுமார் 4,000 பேர். 2011இல் 21,000க்கும் மேல். காகிதமில்லாதோர் 1990இல் சுமார் 35 லட்சம். 2007இல் 1 கோடியே 22 லட்சம். இரண்டும் சேர்ந்தே ஏறியதற்குக் காரணம் இந்தத் தங்கல்தான் என்று டக்ளஸ் மாஸி என்ற சமூகவியல் பேராசிரியர் பல ஆண்டுத் தரவுகளோடு எழுதியிருக்கிறார். என் கணக்கேட்டிலும் அதைத்தான் பார்த்தேன். வீட்டு முகவரிப் பகுதியில் 'தொழிலாளர் முகாம்' என்று இருந்த இடங்களில் தெருப்பெயர், கதவு எண் வர ஆரம்பித்தது.

பாலைவனத்தில் செத்தவர்கள்? 1998 முதல் 2020 வரை எல்லைக் காவல் படையே எண்ணியது சுமார் 8,000 உடல்கள். கிடைக்காத உடல்கள் அந்த எண்ணிக்கையில் இல்லை.

ஆர்.எம்., சிவகாசி: தொழிலாளியை விலங்கு மாட்டி இழுத்துப் போகிறார்கள். வேலை கொடுத்த முதலாளியைப் பிடித்தால் ஒரே நாளில் தீர்ந்துவிடாதா?

என் உத்தியோகமே இந்தக் கேள்விக்குள் இருக்கிறது ஐயா, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1952இல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. அனுமதியின்றி வந்தவருக்கு அடைக்கலம் கொடுப்பது குற்றம் என்றது. அதோடு ஒரு வரியையும் சேர்த்தது: வேலை கொடுப்பது அடைக்கலம் ஆகாது. டெக்சாஸ் பண்ணையார்களின் மனம் குளிரச் சேர்த்த வரி என்பதால் 'டெக்சாஸ் விதிவிலக்கு' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. 34 ஆண்டுகள் அது சட்டமாக இருந்தது. எல்லை ஆற்றைத் தாண்டியவன் குற்றவாளி, அவனைக் கரையில் நின்று கூப்பிட்டவர் கனவான்.

1954இல் ஜோசப் ஸ்விங் என்ற முன்னாள் ராணுவத் தளபதியின் தலைமையில் பெரிய விரட்டல் நடந்தது. பத்து லட்சம் பேருக்கு மேல் அனுப்பிவிட்டோம் என்று அரசு மார்தட்டியது. அதே ஆண்டுகளில் 'பிராசெரோ' என்ற அரசு ஒப்பந்தத் திட்டத்தில் மெக்சிகோவிலிருந்து ஆள் எடுப்பதும் ஏறிக்கொண்டே போனது. 1956இல் நான்கு லட்சத்தைத் தாண்டியது. அதற்கும் முன், 1940களின் கடைசியில், பிடிபட்டவர்களை எல்லைக்குக் கொண்டுபோய், கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து, அதே பண்ணைக்குத் திருப்பி அனுப்பியதும் உண்டு. இது வதந்தி இல்லை, அரசு ஆவணங்களில் பதிவானது.

1986இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் சுமார் 27 லட்சம் பேருக்குக் காகிதம் கொடுத்தது. அனுமதி இல்லாதவருக்கு வேலை கொடுப்பது முதல்முறையாகக் குற்றமானது. ஆனால் முதலாளி தெரிந்தே கொடுத்தார் என்று அரசு நிரூபிக்க வேண்டும். அந்த இடத்தில்தான் என் மேசை.

வேலைக்கு வருபவர் ஐ-9 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். கிரீன் கார்டு ஒன்றும், அரசு ஓய்வூதியக் கணக்கு எண் உள்ள சமூகப் பாதுகாப்பு அட்டை ஒன்றும் நீட்டுவார். பார்வைக்கு அசல் போலத் தோன்றினால் நான் ஏற்றாக வேண்டும். "இது போதாது, வேறு கொண்டுவா" என்று கேட்டால் பாகுபாடு காட்டியதாக என்மேல் வழக்கு வரும். அந்தப் பாதுகாப்பு தேவையானதுதான், இல்லாவிட்டால் என்னைப் போல மாநிறத்தில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் பாஸ்போர்ட் கேட்டிருப்பார்கள். ஆனால் அட்டை எங்கே அச்சானது என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு யூகம் இருந்த விஷயம். யூகத்தைத் தெரிந்தது என்று சட்டம் கணக்கில் எடுக்காது. மறு ஆண்டு, பெயரும் எண்ணும் பொருந்தவில்லை என்று சமூகப் பாதுகாப்புத் துறையிலிருந்து கடிதம் வரும். இந்தக் கடிதத்தை வைத்து யாரையும் வேலையை விட்டு நீக்காதீர்கள் என்று அதே கடிதம் சொல்லும். கோப்பில் வைப்போம். ஆள் வேறு அட்டையோடு வருவார்; போன பருவத்தில் மிகேல் என்று கூப்பிட்டவரை இந்தப் பருவத்தில் ராமிரோ என்று கூப்பிட வேண்டிவரும். இருவரும் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

பொய் எண்ணில் பிடித்த வரி மட்டும் மெய்யாகவே அரசுக்குப் போய்விடும். 2022இல் காகிதமில்லாதோர் கட்டிய வரி 9,670 கோடி டாலர் என்று வரிக் கொள்கை ஆய்வு நிறுவனம் ஒன்று மதிப்பிட்டிருக்கிறது. அதில் 2,570 கோடி டாலர் ஓய்வூதியம் தரும் சமூகப் பாதுகாப்பு நிதிக்கு. இவர்களில் யாரும் அந்த ஓய்வூதியத்தைக் கேட்டு வரப்போவதில்லை.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. பண்ணையார் நேரடியாக ஆள் எடுப்பதே அபூர்வம். நடுவே ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே மயோர்தோமோ. தேயிலைத் தோட்டக் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அவன் நம்ம கங்காணிதான். வேனில் ஏற்றிக்கொண்டு போவதற்குக் காசு, தண்ணீருக்குக் காசு, செக்கை மாற்றிக் கொடுக்கக் காசு. வழக்கு வந்தால் ஒப்பந்தக்காரர் கடையைச் சாத்திவிட்டு, மச்சான் பெயரில் வேறு பலகை மாட்டுவார். பண்ணையாரின் கை அழுக்காகாது.

பலன் என்ன? 2018 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை, அமெரிக்கா முழுவதிலும், தெரிந்தே வேலை கொடுத்த குற்றத்துக்காக வழக்குத் தொடரப்பட்டவர்கள் 11 பேர். நிறுவனம் ஒன்றுகூட இல்லை. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் 'டிராக்' என்ற ஆய்வுக் குழு அரசுத் தரவிலிருந்து எடுத்த எண் இது. அது முடிந்த சில மாதங்களில், 2019 ஆகஸ்ட் 7 அன்று, மிசிசிப்பியின் கோழி ஆலைகளில் ஒரே நாளில் 680 தொழிலாளர்களைப் பிடித்தார்கள். பல ஊர்களில் அன்றுதான் பள்ளி திறந்திருந்தது. சாயங்காலம் பிள்ளைகளைக் கூப்பிட்டுப்போக ஆளில்லை.

2008இல் அயோவா மாநிலத்துப் போஸ்ட்வில் என்ற சின்ன ஊரின் இறைச்சி ஆலையில் 389 பேர் பிடிபட்டார்கள். பெரும்பாலோர் குவாத்தமாலாக்காரர்கள். ஏறக்குறைய 270 பேருக்கு, போலி எண் பயன்படுத்தியதாக, ஐந்து மாதச் சிறை. ஆலையை நடத்தியவர் உள்ளே போனாரா? போனார், 27 ஆண்டுத் தண்டனை. வங்கியை ஏமாற்றியதற்காக! குடியேற்றக் குற்றச்சாட்டுகளை அரசே கைவிட்டுவிட்டது. 2017இல் டிரம்ப் அவருடைய தண்டனையைக் குறைத்து வெளியே விட்டார்.

சரி, வேலை அனுமதியைக் கணினி மூலம் சரிபார்க்கும் 'ஈ-வெரிஃபை' இருக்கிறதே என்பீர்கள். 2025 ஜூனில் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹாவில் ஓர் இறைச்சி ஆலையில் சோதனை நடந்தது. அந்த ஆலை ஈ-வெரிஃபையை ஒழுங்காகப் பயன்படுத்திய ஆலை. வேறொருவரின் மெய்யான எண்ணைக் கொடுத்தால் கணினியும் தலையாட்டிவிடும்.

கல்லூரி மாணவி, திருநெல்வேலி: அமெரிக்கர்கள் இந்த வேலைகளுக்கு வரவே மாட்டார்கள் என்கிறார்கள். உண்மையா, முதலாளிகள் கட்டிய கதையா?

இரண்டும் கலந்தது, கண்ணு.

பிராசெரோ திட்டம் 1964 கடைசியில் முடிந்தது. 1965 கோடையில் தொழிலாளர் துறை ஒரு யோசனை செய்தது: உயர்நிலைப் பள்ளி விளையாட்டு வீரர்களை வயலுக்கு அனுப்பலாம், உடம்பில் வலு இருக்கிறதே என்று. 18,000 பையன்கள் பெயர் கொடுத்தார்கள். வயல் வரை வந்தது 3,300 பேர்தான். வெயிலும் முகாம் சாப்பாடும் பார்த்துவிட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள், ஓடிப்போனவர்கள் பலர். மறு ஆண்டு அந்தப் பேச்சே இல்லை. 2011இல் வட கரோலினாவில் பண்ணையார் சங்கம் ஒன்று 6,500 வேலைகளுக்கு ஆள் தேடியது. அப்போது அந்த மாநிலத்தில் வேலையில்லாதவர்கள் சுமார் 4,89,000 பேர். உள்ளூரிலிருந்து வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் 245. வந்து நின்றவர்கள் 163. பருவம் முடியும் வரை நீடித்தவர்கள் ஏழு பேர்.

இதைக் கேட்டு முதலாளி சொல்வதுதான் சரி என்று எழுதிவிடாதே. இறைச்சி ஆலையைப் பார். கத்தி, ரத்தம், குளிர் அறை. லெட்டூஸ் வயலைவிட மோசம். ஆனால் 1970கள் வரை அங்கே வெள்ளையரும் கறுப்பரும் வரிசையில் நின்று வேலை கேட்டார்கள், ஏனென்றால் சங்கம் இருந்தது, கூலி சராசரி ஆலைத் தொழிலாளியின் கூலியைவிட அதிகம். பிறகு ஆலைகளை நகரத்திலிருந்து நாட்டுப்புறத்துக்கு மாற்றினார்கள், சங்கத்தை உடைத்தார்கள். 1985இல் மினசோட்டாவின் ஆஸ்டின் நகரில் நடந்த பெரிய வேலைநிறுத்தம் தோற்றது. கூலி சராசரிக்குக் கீழே விழுந்தது, உள்ளூர் ஆள் விலகினான், அதன் பின்தான் மெக்சிகோவிலிருந்தும் குவாத்தமாலாவிலிருந்தும் ஆள் வந்து நிரப்பினார்கள். வந்தவன் கூலியைக் குறைத்தான் என்பது பாதிக் கதை. குறைத்து வைத்திருந்த இடத்துக்குத்தான் அவன் வந்தான்.

அதேபோல், ஆளை நிறுத்தினால் கூலி தானாக ஏறும் என்பதும் வயலில் பலிக்கவில்லை. பிராசெரோ முடிந்ததால் உள்ளூர் விவசாயக் கூலி ஏறியதா என்று கிளெமென்ஸ், லூயிஸ், போஸ்டல் என்ற மூன்று ஆய்வாளர்கள் மாநிலம் மாநிலமாகப் பார்த்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வில் ஏற்றம் எதுவும் தென்படவில்லை. பண்ணையார்கள் இயந்திரத்துக்கு மாறினார்கள், அல்லது பயிரை மாற்றினார்கள். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் தக்காளி அறுக்கும் இயந்திரத்தையும் அதில் நசுங்காத தடித்தோல் தக்காளியையும் சேர்த்தே உருவாக்கி வைத்திருந்தது. சில ஆண்டுகளில் கலிஃபோர்னியாவின் சாஸ் தக்காளி முழுவதும் இயந்திர அறுவடைக்குப் போய்விட்டது. ஸ்ட்ராபெர்ரிக்கு இன்னும் விரல்தான் வேண்டும்.

ஒரு தந்தை, சென்னை-40: என் மகன் எச்-1பி விசாவில் சட்டப்படி போய், வரி கட்டி, கிரீன் கார்டுக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருக்கிறான். திருட்டுத்தனமாக வந்தவர்களுக்கு மன்னிப்பு என்றால் அவனுக்கு அநீதி இல்லையா?

உங்கள் கோபம் நியாயம். ஆனால் உங்கள் மகனைக் காக்க வைத்தது லெட்டூஸ் அறுப்பவன் இல்லை. ஆண்டுதோறும் தரும் கிரீன் கார்டுகளில் எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பு அது. இந்தியாவுக்கும் ஐஸ்லாந்துக்கும் ஒரே அளவு. உங்கள் மகனுக்கு ஒரு வரிசையாவது இருக்கிறது. படிப்பில்லாத வேலைகளுக்கான நிரந்தர விசா, உலகம் முழுவதற்கும் சேர்த்து, ஆண்டுக்கு 10,000தான். குவானாஹுவாத்தோவில் உறவும் இல்லாமல் பட்டமும் இல்லாமல் இருப்பவனைப் போய் வரிசையில் நில் என்றால், எந்தக் கட்டடத்துக்கு முன்னால் நிற்பான்?

இன்னொன்றும் யோசியுங்கள். உங்கள் மகனுக்கு வேலை போனால் புது முதலாளியைத் தேட 60 நாள் அவகாசம். மேலாளர் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் ஏன் மடிக்கணினியைத் திறக்கிறான் என்று அவனையே கேளுங்கள். பருவ வேலைக்கான எச்-2ஏ விசாவில் வருபவனுக்கும் அதே கயிறு, இன்னும் குட்டையாக. பிடிக்காவிட்டால், அடுத்த பண்ணையார் அவனுக்காக மனுப் போட்டால்தான் மாற முடியும், இல்லாவிட்டால் ஊருக்குத்தான் போக வேண்டும். எத்தனை பருவம் வந்தாலும் அந்த விசா கிரீன் கார்டுக்கு இட்டுச்செல்லாது. முதலாளிகளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. 2005இல் சுமார் 48,000 எச்-2ஏ இடங்களுக்கு அனுமதி, 2023இல் 3,78,000.

தொழிற்சங்க ஊழியர், மதுரை: சீசர் சாவேஸ் போன்ற தலைவர்கள் குடியேறிகள் பக்கம்தானே நின்றார்கள்?

வேலைநிறுத்தத்தை உடைக்க வந்தவர்கள் பக்கம் நிற்கவில்லை. பண்ணைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டிய சாவேஸ், பிராசெரோவை ஒழிக்கப் போராடியவர். 1974இல் அவருடைய சங்கம், காகிதமில்லாத ஆட்களைக் குடியேற்றத் துறைக்குக் காட்டிக்கொடுக்கவே ஒரு பிரசாரம் நடத்தியது. அவருடைய உறவினர் ஒருவர் தலைமையில் அரிசோனா எல்லையில் ஆட்களை நிறுத்தி, வருபவர்களை மறித்தார்கள், அடிதடியும் நடந்தது. பிறகு சங்கம் அந்த நிலையை மாற்றிக்கொண்டது. காகிதமில்லாதவனையும் உறுப்பினராகச் சேர்க்காமல் அந்த வயலில் சங்கம் நடத்த முடியாது என்று கண்டுகொண்டார்கள்.

ஆனால் சட்டம் வேறு திசையில் போனது. 2002இல், ஹாஃப்மன் பிளாஸ்டிக் என்ற வழக்கில், சங்கம் சேர்த்ததற்காக வேலைநீக்கம் செய்யப்பட்ட காகிதமில்லாத தொழிலாளிக்கு இழந்த சம்பளத்தைத் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 5-4 என்று தீர்ப்பளித்தது. கணக்குக்காரியாகச் சொல்கிறேன்: அன்றிலிருந்து ஒரு குடிமகனைச் சட்டவிரோதமாக நீக்கினால் முதலாளிக்குச் செலவு, காகிதமில்லாதவனை நீக்கினால் செலவில்லை. யாரை வேலைக்கு எடுக்க நினைப்பார்?

இல்லத்தரசி, தஞ்சாவூர்: எல்லோருக்கும் நல்ல கூலி கொடுத்தால் அமெரிக்காவில் காய்கறி விலை எட்டாமல் போய்விடுமாமே?

போகாது. ஒரு டாலருக்குக் கீரை வாங்கினால் பண்ணைக்குப் போவது மூன்றில் ஒரு பங்கு, அதிலும் மூன்றில் ஒரு பங்குதான் தொழிலாளிக்கு. அதாவது ஏறக்குறைய 10 சென்ட். கூலியை நாற்பது சதவீதம் ஏற்றினாலும் கீரைக்கு நாலு சென்ட். மீதி லாரிக்கும் குளிர்சாதனத்துக்கும் கடைக்கும்.

வி.ஜே., ஈரோடு: டிரம்ப் அரசு கடுமையாகத்தானே பிடிக்கிறது? இனியாவது உள்ளூர்க்காரர்களுக்குக் கூலி ஏறுமா?

2025இல் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஜூன் 12 அன்று, எங்கள் கொள்கை நல்ல, நெடுநாள் தொழிலாளர்களைப் பறிக்கிறது என்று விவசாயிகளும் ஓட்டல்காரர்களும் சொல்கிறார்கள் என்று டிரம்பே எழுதினார். பண்ணைச் சோதனைகளை நிறுத்திவைக்க உத்தரவு போனது. சில நாட்களில் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஜூலையில் கலிஃபோர்னியாவின் கமாரியோ பக்கத்துக் கஞ்சாப் பண்ணைகளில் ஏறக்குறைய 360 பேரைப் பிடித்தார்கள். பசுமைக்குடில் கூரையிலிருந்து விழுந்து ஒரு தொழிலாளி இறந்தார். அக்டோபர் தொடக்கத்தில் தொழிலாளர் துறை ஒரு விதியை வெளியிட்டது. காகிதமில்லாதோர் வரத்து நின்றுவிட்டதால் நாட்டின் உணவு உற்பத்தியே ஆட்டம் காண்கிறது என்று அதில் அரசே எழுதியது. அதற்கு மருந்தாக என்ன செய்தார்கள் தெரியுமா? எச்-2ஏ தொழிலாளிக்குத் தர வேண்டிய குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிடும் முறையை மாற்றி, இறக்கினார்கள். கலிஃபோர்னியாவில் மணிக்கு 19.97 டாலராக இருந்தது அது. தங்குமிடத்துக்கென்று பிடித்துக்கொள்ளவும் வழி செய்தார்கள்.

எல்லையில் ஆள் குறைந்தால் கூலி ஏறும் என்று நம்பி ஓட்டுப் போட்ட உள்ளூர்த் தொழிலாளியின் கையில் அந்த விதியைக் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும்.

நான் என்ன செய்வேன் என்று கேட்டால், இருபது வருடமாக அங்கே உழைப்பவனுக்குக் காகிதம் கொடுப்பேன், அவன் பிடிக்காத முதலாளியை விட்டுப் போகட்டும். பண்ணையாரையும் ஒப்பந்தக்காரரையும் ஒரே முதலாளியாக வைத்து வழக்குப் போடுவேன். கூலி ஆய்வாளர்களை நாலு மடங்காக்குவேன். எல்லையில் காவலும் இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை.

பெயர் வேண்டாம், பட்டுக்கோட்டை: அக்கா மகனுக்கு அமெரிக்கப் பண்ணையில் எச்-2ஏ விசா வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் எட்டு லட்சம் கேட்கிறார். நிலத்தை அடமானம் வைக்கலாமா?

வைக்காதீர்கள். எச்-2ஏ வேலைக்குத் தொழிலாளியிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்குவதே அமெரிக்கச் சட்டப்படி தடை. பயணச் செலவும் தங்குமிடமும் முதலாளி பொறுப்பு. வேலை உண்மையானால் அது அமெரிக்கத் தொழிலாளர் துறையின் பருவ வேலை இணையதளத்தில் பண்ணையின் பெயரோடு, கூலியோடு இருக்கும். பையனே தேடிப் பார்க்கலாம். இங்கே ஏஜென்ட் என்றால் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு எண் வேண்டும், 'இ-மைக்ரேட்' தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். பதிவு பெற்றவரும் 30,000 ரூபாயும் அதன்மேல் வரியும் தவிர வாங்கக் கூடாது.

2025 பிப்ரவரி 5 அன்று அமிர்தசரசில் ராணுவ விமானத்திலிருந்து இறங்கிய 104 பேரில் பலரும் நிலத்தை விற்றோ கடன் வாங்கியோ ஏஜென்ட்டுக்குக் கொட்டிவிட்டுப் போனவர்கள். உங்கள் ஏஜென்ட்டிடம் எட்டு லட்சத்துக்கும் ரசீது கேளுங்கள், எச்-2ஏ என்று அதில் எழுதச் சொல்லுங்கள். மறுபடி வீட்டுப் பக்கம் வரமாட்டார்.